போர்ட் உடைந்த ஹார்ட் டிஸ்க்: பழைய பிசிபியைத் தூக்கிப் போடாதீர்கள்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கேபிள் சொருகும் போர்ட் ஆடிப்போனால், உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. டேட்டா பதிந்திருக்கும் தட்டு நன்றாக இருக்கும், அதைப் படிக்கும் தலை நன்றாக இருக்கும், மோட்டாரும் சுற்றும். கெட்டுப்போனது விரல் நகம் அளவுக்கு ஒரு தகரக் கூடு, அவ்வளவுதான். அந்த நிலையிலேயே டிஸ்க் மேசைக்கு வந்தால் பெரிய வேலை இல்லை. ஆனால் அப்படி வருவது அபூர்வம். நடுவில் யாராவது ஒருவர் ‘சரி செய்து’ பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மொபைல் சர்வீஸ் கற்றுக்கொண்டு, அப்படியே டேட்டா ரெக்கவரியும் பார்க்கலாம் என்று இறங்கும் பையன்களைப் பார்க்கிறேன். எங்கள் செட் ஆட்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்து ஒன்று விடாமல் திரும்ப நடக்கிறது. கீழே போடாதே, தண்ணீர் படாமல் வை, பேக்கப் எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

கேபிளை அசைத்து அசைத்துக் காப்பி எடுப்பது

“இந்தப் பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சா லைட் எரியுதுங்ணா” என்பார்கள். ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தி, இருநூறு ஜிபி காப்பி ஓடவிட்டிருப்பார்கள். தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்குக் கரண்ட் போய் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தலை அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. எழுதும் நேரத்தில் அறுந்தால் ஃபைல் சிஸ்டமும் கெடும். அதைவிட மோசம், ஆடுகிற போர்ட் தன் காலோடு சேர்த்துப் பிசிபியின், அதாவது டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையின், செம்புத் தடத்தையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பற்றவைத்த ஈயம் மட்டும் விட்டுப்போனதென்றால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். தடம் பிய்ந்தால் லென்ஸை வைத்துக்கொண்டு முடி போன்ற கம்பி இழுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். யூஎஸ்பி 3.0 டிஸ்க்குகளில் வரும் அந்த அகலமான மைக்ரோ-பி போர்ட்டை உற்றுப் பார்த்தால் இரண்டு அறை தெரியும். பெரிய அறை, பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் கேபிளின் அதே மைக்ரோ யூஎஸ்பி. சின்ன அறை வேகத்துக்காகச் சேர்த்தது. சின்ன அறை மட்டும் நசுங்கியிருந்தால், டேட்டா போகக்கூடிய ஒரு நல்ல பழைய போன் கேபிளைப் பெரிய அறையில் சொருகினால் போதும், டிஸ்க் யூஎஸ்பி 2.0 வேகத்தில் வந்துவிடும். நொடிக்கு 35 எம்பி கிடைத்தால் ஒரு டிபிக்கு எட்டு மணி நேரம். ஆகட்டுமே, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3.0 சொருகியிலேயே போடுங்கள். 2.0 சொருகி 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 சொருகி 900 வரை தரும். கரண்ட் போதாமல் டிஸ்க் திக்குவதைத் தலை போய்விட்டதென்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு.

ஊக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் டிஸ்க்கில் போர்ட் உடைந்தே இருக்காது, பஞ்சு அடைத்திருக்கும். கேபிளைச் சொருகச் சொருக அது உள்ளே போய் இறுகி, சாம்பல் நிறத்தில் ஒரு தக்கையாகவே ஆகியிருக்கும். அதை ஊக்கால் குத்தி எடுப்பார்கள். பஞ்சோடு நடு நாக்கும் வளைந்து வரும். பல் குத்தும் மரக்குச்சி போதும், கேபிளைக் கழற்றிவிட்டு.

பிசிபியை மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

கோபிப் பக்கம் ஒரு கல்யாண போட்டோகிராபர். டிஸ்க்கின் போர்ட் பிய்ந்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் கோவை காந்திபுரத்தில் தேடி அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி, அதன் பிசிபியைக் கழற்றி இதில் மாட்டினார். டிஸ்க் சுற்றியது, டக் டக் என்று அடித்தது, கம்ப்யூட்டரில் வரவில்லை. “ஹெட் போயிருச்சுங்க” என்று கொடுத்துவிட்டார். என்னிடம் வந்தபோது முதலில் கேட்டது ஒன்றுதான்: “பழைய பிசிபி எங்கீங்க தம்பி?”

“அது ஒடஞ்சதுதானுங்ணா, கடையிலயே போட்டுட்டு வந்துட்டனுங்க.”

அன்றைக்கே திரும்பி ஓடினார். கடையின் கழிவுப் பெட்டி அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இணைச்சீரிலிருந்து முகூர்த்தம் வரை மொத்தக் கல்யாணமும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது, ஆல்பம் இன்னும் பிரிண்டுக்குப் போகவில்லை. தட்டில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் எடுக்க முடியவில்லை.

ஏன் என்பது தெரிந்தால் யாரும் அப்படி வீசமாட்டார்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் தயாரிக்கும்போது, அதன் தலைக்கும் தட்டுக்கும் பொருந்துகிற அளவுகளைத் தனியாக எடுத்து, பிசிபியில் உள்ள ரோம் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவரைக் கேளுங்கள், ஒரே கம்பெனியின் இரண்டு தறி பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்றின் செட்டிங் மற்றதற்கு ஒத்துவராது. இங்கும் அதேதான். வேறு டிஸ்க்கின் ரோமை நம்பி ஓடும் தலை, தட்டில் தன் இடத்தைப் படிக்கத் தெரியாமல் டக் டக் என்று அடிக்கும். மாடல் நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பிசிபி மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து அந்த எட்டுக்கால் ரோம் சிப்பை எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தைப் படித்து மாற்றி எழுத வேண்டும். சிலவற்றில் எட்டுக்கால் சிப்பே இருக்காது, ரோம் பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும். எப்படி இருந்தாலும் பழைய பிசிபி கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சங்கதி பூட்டு, அதாவது என்கிரிப்ஷன். டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) மை பாஸ்போர்ட் வரிசையில் பல மாடல்களில், நீங்கள் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும், பிசிபியின் சிப் எல்லாவற்றையும் பூட்டித்தான் தட்டில் எழுதுகிறது. “எனக்கு லாக் எல்லாம் இல்லீங்க” என்று வாடிக்கையாளர் சொல்வது உண்மைதான். அவருக்குத் தெரியாமலே பூட்டு இருக்கிறது. அந்தச் சிப்பைத் தாண்டித் தட்டை நேரடியாகப் படித்தால் வருவது குப்பை.

“கேஸைத் திறந்து சாட்டா கேபிளில் மாட்டிவிட வேண்டியதுதானே?” என்று யூட்யூப் பார்த்த பையன் கேட்பான். சாட்டா என்பது கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை நேரடியாக மாட்டும் இணைப்பு. சீகேட் போர்ட்டபிள்களில் பெரும்பாலும் அது நடக்கும். உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்கும், அதன் முனையில் ஒரு குட்டி அடாப்டரும் இருக்கும். உடைந்தது அந்த அடாப்டரின் போர்ட்தான், அடாப்டரை மாற்றினால் வேலை முடிந்தது. டபிள்யூடி போர்ட்டபிள்களில் யூஎஸ்பி போர்ட்டைப் பிசிபியிலேயே ஈயம் வைத்திருக்கிறார்கள், சாட்டா முனையே கிடையாது. தோஷிபாவிலும் அப்படி வருவதுண்டு. பிளாஸ்டிக் கேஸைத் திறந்து எது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

போர்ட் பிசிபியில் இருந்தால் செய்ய வேண்டியது சின்ன வேலை. பிசிபியைத் திருகு கழற்றி டிஸ்க்கிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கோடு வைத்து ஹாட் ஏர் அடிக்கவே கூடாது. புதுப் போர்ட் வைக்கத் தடம் மிச்சமிருந்தால் வையுங்கள். இல்லையென்றால் நான்கே நான்கு கம்பி: ஐந்து வோல்ட், கிரவுண்டு, டேட்டா இரண்டு. ஒரு யூஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை என்று பிரித்து, தடம் பிய்ந்த இடத்துக்கு அடுத்துள்ள புள்ளிகளில் பற்றவைத்தால் டிஸ்க் யூஎஸ்பி 2.0 ஆக எழுந்து வந்துவிடும். மலிவுக் கேபிளில் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு வையுங்கள். ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் பிசிபிக்கே ஆபத்து. பெருந்துறையிலிருந்து ஒருவர் பிய்ந்த போர்ட்டைக்கூட டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொண்டுவந்தார். போர்ட் எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் பிசிபி பத்திரமாக இருந்ததால் நான்கு கம்பியில் எல்லாம் வந்துவிட்டது.

கடையில் கொடுப்பவர்களுக்கு: பிசிபியைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அச்சடித்த எண் தெரியும்படி. கழற்றிய ஒவ்வொரு துண்டும் திரும்ப வர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். “போச்சாதுங்க, அது ஒடஞ்சதுதானே” என்று சொன்னால் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால்

கேன்சல். போர்ட் சரியாகி டிஸ்க் வந்த சந்தோஷத்தில் சிலர் ஓகே அடித்துவிடுகிறார்கள். குவிக் ஃபார்மேட் என்றாலாவது கொஞ்சம் தேடி எடுக்கலாம். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதி நிரப்புவது, அதற்குப் பின் எந்த மென்பொருளும் உதவாது. செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கு செய்யும், உங்கள் ஃபைல் அதில் போனாலும் கவலைப்படாது. முதலில் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற ஒரு மென்பொருளால் வேறு டிஸ்க்கில் முழு இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுங்கள். தேடல், ரிப்பேர் எல்லாம் அந்த இமேஜில் செய்யுங்கள்.

இரும்பு மூடியைத் திறப்பது

வேண்டாம்.

எடுத்ததை அதே டிஸ்க்கில் சேமிப்பது

இதையும் செய்கிறார்கள்.

காப்பி முடிந்ததும்

ஃபோல்டர் சைஸ் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நான்கைந்து போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு பெரிய வீடியோவை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை கம்பியை உருவ வேண்டாம்.