தட்டை மொனிட்டரில் எழுத்து மங்குகிறதா? ரெசலூஷனைப் பாருங்கள்

கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பழைய பெட்டி மொனிட்டரைத் தூக்கிவிட்டுக் கைமாறி வந்த தட்டை மொனிட்டரைப் பூட்டியவர்கள் சிலர், “எழுத்தெல்லாம் மங்கலாக் கிடக்கு” என்பார்கள். அநேகமாக மொனிட்டரில் பழுதிருக்காது.

பெட்டி மொனிட்டர் படத்தை இலத்திரன் கற்றையால் வரைந்தது. அதனால் 800×600, 1024×768 என எந்த ரெசலூஷனை, அதாவது அகலவாக்கில் இத்தனை புள்ளி, உயரவாக்கில் இத்தனை புள்ளி என்ற கணக்கை, கொடுத்தாலும் சமாளித்தது. தட்டை மொனிட்டர் அப்படியல்ல. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் இழைக்கணக்கு நெய்யும்போதே முடிந்துவிடுவதுபோல, இதன் புள்ளிக்கணக்கு தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணக்குத்தான் நேட்டிவ் ரெசலூஷன்.

17 அங்குலச் சதுர மொனிட்டரில் பெரும்பாலும் 1280×1024 இருக்கும். அதற்கு 1024×768 கொடுத்தால், அகலவாக்கில் ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளியின் இடத்தை நிரப்பவேண்டும். கால் புள்ளியைத் தனியாக எரிக்க வழியில்லை; பக்கத்துப் புள்ளியோடு நிறத்தைக் கலந்துதான் ஒப்பேற்றும். மங்கல் அங்கேதான் வருகிறது. தமிழ் எழுத்துக்கு இது இன்னும் மோசம்: ‘ன’, ‘ண’ சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். உயரம் அகலத்தைவிடக் கூடுதலாக இழுபடுவதால் வட்டமும் நெட்டையாகத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. மொனிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் மொடல் இலக்கம் இருக்கும். அதை இணையத்தில் தேடி நேட்டிவ் ரெசலூஷனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. விண்டோஸ் 10, 11 என்றால், டெஸ்க்டொப்பின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ போங்கள். ‘டிஸ்பிளே ரெசலூஷன்’ பட்டியலில் உங்கள் எண்ணைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதன் அருகில் ‘ரெக்கமண்டட்’ என்றிருக்கும். திரை கறுத்துப்போனால் பதறவேண்டாம், எதையும் தொடாமல் இருந்தால் சற்று நேரத்தில் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

எண் பட்டியலிலேயே இல்லையா? கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருள்) போடப்படாமல் இருக்கலாம். முதலில் அதைப் போடுங்கள்.

3. நீல முனை உள்ள விஜிஏ வயர் என்றால் மொனிட்டரின் ‘ஓட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எச்டிஎம்ஐ என்றால் இது தேவையில்லை.

4. இப்போது எழுத்து கூராகும், ஆனால் சிறுத்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் ரெசலூஷனைத் திரும்பக் குறைக்கிறார்கள். வேண்டாம். அதே பக்கத்தில் ‘ஸ்கேல்’ என்பதை 125% ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் பெரும்பாலும் குறையாது. ஒரு சில பழைய மென்பொருள்கள் மட்டும் இதிலும் கொஞ்சம் மங்கும்.

ரிஃப்ரெஷ் ரேட், அதாவது ஒரு செக்கனில் படம் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண், 60 என்று இருந்தால் அப்படியே விடுங்கள். பெட்டி மொனிட்டரில் மினுங்கலைக் குறைக்க 85 வைத்த பழக்கம் இங்கே உதவாது. அளவுமீறினால் படமே வராமல் போகலாம்.