போடியம் கோட்டைக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

இங்கிலாந்தில் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், கிழக்கு சசெக்ஸில் உள்ள போடியத்துக்குப் போங்கள். அளவில் சின்னது. பிள்ளைகள் களைத்துப்போவதற்குள் முழுவதையும் பார்த்துவிடலாம்.

நேராகக் காரிலும் போகலாம். ஆனால் காரை டென்டர்டன் என்ற ஊரில் விட்டுவிட்டு, அங்கிருந்து பழைய நீராவி ரயிலில் போவதுதான் என் விருப்பம். போடியத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டை. ரயில் எல்லா நாளும் ஓடாது, அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

போனதும் உள்ளே ஓட வேண்டாம். முதலில் அகழியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், சின்னவர்களின் கையை மட்டும் விடாதீர்கள். நடக்கும்போது, "நீ எதிரி. எப்படி உள்ளே நுழைவாய்?" என்று கேளுங்கள். இன்றைய பாலம் வாசலுக்கு நேராகப் போகிறது. அந்தக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து, நடுவில் உள்ள எண்கோணத் திட்டில் திரும்ப வேண்டும். கேடயம் இடது கையில் இருக்கும். வருபவனின் வலப்பக்கம் கோட்டையைப் பார்த்தபடி காப்பில்லாமல் இருக்கும். இதைச் சொன்னதும் என் மகள் கையில் கேடயம் இருப்பதுபோல் பிடித்து நடந்தே பார்த்துவிட்டாள்.

வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். வளைகூரையில் வட்ட வட்டமாகத் துளைகள். நுழைபவர்கள் தலையில் கல்லும் மற்றதும் கொட்டுவதற்காம். இரும்புப் பட்டை அடித்த பழைய மரத் தடுப்புக் கதவும் மேலே தொங்குகிறது. என் மகன் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான்.

1385-ல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரிடம் அனுமதி வாங்கி எட்வர்ட் டாலிங்ரிக் என்ற வீரர் கட்டிய கோட்டை இது. பிரெஞ்சுப் படையைத் தடுக்கவா, தன் செல்வாக்கைக் காட்டவா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். பிள்ளைகளையே முடிவு சொல்லச் சொல்லுங்கள்.

உள்ளே கூரை கிடையாது, சுவர்கள்தான். சமையலறையின் பெரிய அடுப்படியையும், தென்மேற்குக் கோபுரத்தடியில் உள்ள கிணற்றையும் தேடிக் காட்டுங்கள். அப்புறம் கழிப்பறைகள்! எல்லாமே அகழியில்தான் விழுமாம். எங்கள் வீட்டில் நாளெல்லாம் இதே பேச்சு. கோபுரப் படிகள் குறுகிய சுழற்படிகள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள்.

இடிந்து கிடந்த இதை வாங்கிச் சீர்செய்து, 1925-ல் இறக்கும்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்தவர் யார் தெரியுமா? வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்தான். பெரிய பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துவையுங்கள். விட்டுவிட்டால் கார் டென்டர்டனில் நிற்கும், நீங்கள் இங்கே நிற்பீர்கள்.