பழைய கார் ஆயிலில் கூலன்ட்: ஹெட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருந்தால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முழுச்சூடு ஏறுமுன்பே நிறுத்தப்படும் கார்களில் வெறும் ஈரமே அப்படிப் படியும். ரேடியேட்டரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்கலவை) மட்டம் இறங்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால்தான் கசிவு என்று கொள்ளலாம். அதன்பின் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கூலன்டில் உள்ள கிளைகால் (glycol) கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடும்.

உறுதி செய்ய, காரை ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனம் என்பதால் சம்ப்பின் (என்ஜினின் கீழே ஆயில் தங்கும் தொட்டி) அடியில் தங்கும். காலையில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தி, முதலில் வடிவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். ஆயில் முழுக்கக் கலங்கியிருந்தால் இரண்டும் பிரியாது. அப்போது சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

கம்ப்ரஷன் சோதனையை (என்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்ற மட்டும் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து செய்யுங்கள். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அளவு குறைந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது என்பதால் கேஸ்கெட் நல்லது என்று ஆகிவிடாது. நீர்த்துளைக்கும் புஷ்ராடு (வால்வைத் திறக்க உந்தும் தண்டு) துளைக்கும் நடுவே அது கிழிந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது.

உண்மையில் இடத்தைக் காட்டிக்கொடுப்பது சம்ப்பைக் கழற்றிச் செய்யும் அழுத்தச் சோதனைதான். கொஞ்சம் சிரமம், ஆனால் செய்தே ஆக வேண்டியது. என்ஜின் குளிர்ந்தபின் ஆயிலை வடித்து, சம்ப்பை இறக்குங்கள். கீழே வெள்ளைத்தாள் விரியுங்கள். ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் பொறித்த அளவுக்கு மட்டும் பம்ப் செய்யுங்கள். பழைய கார்கள் பலவற்றில் அது 4 அல்லது 7 பி.எஸ்.ஐ.தான். இன்றைய கார்களைப்போல் 15 ஏற்றினால் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுப்போகும். முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள். இறங்காவிட்டால் அழுத்தத்தோடு இரவு முழுக்க விடுங்கள்.

பிறகு டார்ச்சும் சிறு கண்ணாடியும் எடுத்துத் துளி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். லைனரின் (பிளாக்கில் செருகிய சிலிண்டர் குழாய்) அடிவிளிம்பில் சொட்டினால் அதன் கீழ் சீல். பிஸ்டன் ஓரமாக வழிந்தால் கேஸ்கெட், அல்லது ஹெட்டிலோ சிலிண்டர் சுவரிலோ விரிசல். முன்பக்கம் டைமிங் கியர் பகுதியில் வந்தால் டைமிங் கவர் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். புஷ்ராடு வழியாக இறங்கினால் ஹெட் கேஸ்கெட், ஹெட் விரிசல், அல்லது உள்ளே இருக்கும் கோர் பிளக் (நீர்வழியின் துளையை அடைக்கும் உலோக மூடி). வி8 என்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டின் நீர்வழிக் கேஸ்கெட்டையும் மறக்க வேண்டாம். நீரால் குளிரும் ஆயில் கூலர் இருந்தால், அதைத் தனியே பிரித்துச் சோதிப்பதே முதல் வேலை.

வெட் லைனர் (வெளிப்புறம் நேரடியாகக் கூலன்டில் நனையும் லைனர்) என்ஜினில் ஹெட்டைக் கழற்றியபின், லைனர்களைக் கிளாம்ப் செய்யாமல் கிராங்கைச் சுற்றவே கூடாது. லைனர் மேலே எழும்பி, நன்றாக இருந்த அடிசீலும் கெடும். டிரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரையிலான கார்களின் என்ஜின்களில் லைனர் பிளாக்குக்கு மேல் 0.003 முதல் 0.005 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் புதுக் கேஸ்கெட்டும் நிற்காது.

பழுது நீக்கியபின் மலிவான ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, சூடேறும்வரை ஐட்லிங்கில் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். வடிவது தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.