மலைவீட்டு ஹாலுக்கு ஸ்பீக்கர்: எங்கே தவறுகிறோம்?

நீலகிரியில் நல்ல ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு இறங்கி, கடையில் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். கடையின் அறை விசாலமானது. ஒலியும் வீட்டில் ஒருநாளும் வைக்காத அளவுக்கு உயர்த்தப்பட்டிருக்கும். அங்கே நெஞ்சில் வந்து மோதிய டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) ஜோடி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, குன்னூரில் ஒரு 10க்கு 12 அடி ஹாலில் வந்து நின்றதும், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் கும்மென்று இரைகிறது. பழி ஸ்பீக்கர் மேல் விழும். ஆனால் அறையை அளக்காமல் வாங்கியதுதான் தவறு.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது சில சுருதிகள் மட்டும் தங்கிப் பெருத்துவிடும். எவை என்று கணக்கிடுவது எளிது. ஒலியின் வேகமான நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரை, சுவர்களுக்கு இடையிலான தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருமடங்கால் வகுத்தால் போதும். 12 அடிக்கு 46 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 46 அதிர்வு), 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் வருகிறது. கூரையும் 10 அடி உயரம் என்றால் அந்த 56 இன்னொரு முறை சேர்கிறது. நீளமும் அகலமும் சமமான சதுர ஹால் இதனால்தான் பாட்டுக்கு ஆகாது. காற்று வந்துபோகத் துளை வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள் பலவும் ஏறக்குறைய இந்தச் சுருதிகளில்தான் துளையின் உதவியோடு பலம் பெறுகின்றன. அறை பெருக்குவதைப் பெட்டியும் பெருக்கினால் மிஞ்சுவது இரைச்சல்தான். கருங்கல் சுவரோ கான்கிரீட்டோ அதை வெளியே விடவும் விடாது.

இப்படிப்பட்ட அறைக்கு 5 அங்குல வூஃபர் (கீழ்ச்சுருதிகளை எழுப்பும் கூம்பு) கொண்ட சிறிய ஸ்பீக்கர் தாராளம். துளையில்லாத மூடிய பெட்டி என்றால் இன்னும் நல்லது. சிறியது என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ அப்படி ஒரு மூடிய குட்டிப் பெட்டிதான். ஆழமான பேஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலி, அதில் கிடையாது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஏற்கெனவே துளையுள்ள பெட்டியை வாங்கிவிட்டவர்கள் சுவரிலிருந்து முன்னால் நகர்த்தி, துளையில் கொஞ்சம் ஃபோம் அடைத்துப் பார்க்கலாம், செலவில்லாத வைத்தியம்.

பழைய எஸ்டேட் பங்களாக்களில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. மரப்பலகைத் தளம், மரத்தாலான உள்கூரை, எப்போதும் திறந்து கிடக்கும் கதவுகள். பலகைகள் தாமும் அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்குகின்றன. இன்னொரு பகுதி அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. அங்கே குட்டி ஸ்பீக்கரை வைத்தவர், போதவில்லை என்று ஒலியை ஏற்றிக்கொண்டே போய் ஆம்ப்ளிஃபயரைத் திணறவிடுவார். உணர்திறன் என்பது ஒரே அளவு மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு. 84 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஈடாகப் பாட நான்கு மடங்கு வாட் கேட்கும். அந்த ஹாலுக்கு டவர் ஸ்பீக்கர் நியாயமானது. மரத்தளம் சேர்ந்து அதிராமல் இருக்க, அடியில் ரப்பர் வைத்து அதன்மேல் ஒரு கடப்பா கல்லைப் போடுங்கள்.

குளிருக்காக விரிக்கும் கம்பளத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அரை அங்குலக் கம்பளம் அதை ஒன்றும் செய்யாது. கம்பளமும் கனத்த திரைச்சீலையும் தின்பது மேல்சுருதிகளை மட்டும்தான். பேஸ் அதிகம் என்று வருகிற புகாரில் பாதி, உண்மையில் மேல்சுருதி குறைந்துபோனதன் விளைவு.

இரவில் வேறொரு கதை. ஏழு மணிக்கே அடங்கிவிடும் ஊரில் ஒலியைத் தணித்து வைத்துக் கேட்கிறோம். ஒலி தணியத் தணிய நம் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இதற்குப் பெரிய ஸ்பீக்கர் தீர்வு அல்ல. ஆம்ப்ளிஃபயரில், தணிந்த ஒலியில் பேஸைக் கூட்டிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அது தூய்மைக் கேடு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பேஸ் அங்கேதான் குவிகிறது. அறையின் நட்டநடுவும் வேண்டாம். அங்கே 46 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும்.

பேஸுக்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபர் வாங்கியவர்கள் அதை இடம் கிடைத்த மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக முதலில் சோபாவின் மேலேயே, நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிட்டார் தெளிவாக ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தலையைத் தரைப்பக்கம் தாழ்த்திச் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். மூலையில் ஒரே ஸ்வரம் வீங்கி நிற்கும். இரண்டடி தள்ளினால் அதே ஸ்வரம் இளைத்துவிடும். எங்கோ ஓரிடத்தில் எல்லா ஸ்வரங்களும் ஒத்த அளவில் வரும். பெட்டியின் இடம் அதுதான். வீட்டில் சிரிப்பார்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவு கீழே இறங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 35 ஹெர்ட்ஸை அப்படியே நம்புவதும் தவறுதான். அந்தச் சுருதியில் ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கிறதா, 10 டெசிபலா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியே 41 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பான 82ல்தான் நம் காது பெரும்பாலும் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரைப்பாடல்களும் கச்சேரியும் மட்டும் கேட்பவருக்கு 50 வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கர் போதும். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கும்மலில் கரையாமல், அடி தனியாகவும் அதன் கார்வை தனியாகவும் கேட்டால் பொருத்தம் சரி. அதைவிடக் கீழே வேண்டுபவர் ஆங்கிலப் படங்களுக்காகத்தான் வாங்குகிறார் என்று பொருள். சப்வூஃபருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கட்டும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் முன்வலையைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கோத்தகிரி, கூடலூர் ஈரத்தில் ஃபோம் விளிம்பு உதிர்ந்து கையோடு வரும். ரப்பர் விளிம்பு தாங்கும்.