வேலியோரம் ஒரு செண்டுடோக்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் தானாகவே முளைத்து நிற்கும், ஊதா நிறத்தில் ஐந்து இதழ் பூ. மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்பார்கள். இதைப் புதர் என்று வெட்டித் தள்ளும்போது எனக்கு மனசு வலிக்கும். இந்த மண்ணிலேயே பிறந்த செடி இது. நம் புளிப்பு மண்ணிலும் உரமே கேட்காமல் வளரும், வருடம் முழுக்கப் பூக்கும்.

வெடித்த பழத்துக்குள் கருநீலச் சதை இருக்கும். சின்ன வயதில் தின்று நாக்கைக் கறையாக்கியிருப்பீர்களே, அதேதான். செடி வளர்க்க, விதையோடு அந்தச் சதையைத் தண்ணீரில் பிசைந்து, ஈர மண்ணின் மேல் தெளியுங்கள். விதை தூசி மாதிரி இருப்பதால் மண் போட்டு மூடவேண்டாம். நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

காலையில் கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். பழத்துக்குச் சிட்டுகள் வரும்.

அப்புறம், குப்பைமேனி, கீழாநெல்லியெல்லாம் தலைகாட்டினால் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். லாலாங் புல்லை மட்டும் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். துண்டு மிச்சமிருந்தாலும் திரும்ப முளைக்கும்.