மூளைப் படப் பகுப்பாய்வு: அடுத்தவர் கணினியிலும் அதே விடை வர

ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் முறை) தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, அதே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த ஆய்வில் எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, முடிவுகளும் பிரிந்தன. வழிகள் வேறுபடலாம். ஆனால் நீங்கள் போன வழியில் இன்னொருவர் போகவே முடியாது என்றால், உங்கள் முடிவை யாரும் சோதிக்க முடியாது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறையை எழுதுகிறேன்.

தரவை பிட்ஸ் ஒழுங்கில், அதாவது மூளைப் படக் கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்கும் பொது விதிமுறைப்படி அடுக்குங்கள். ஆள் எண், அமர்வு, பணி எல்லாம் கோப்பின் பெயரிலேயே தெரியும். மூலத் தரவுக் கோப்புறையில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். நிரலில் உங்கள் கணினியின் முழுப் பாதை ஓரிடத்திலும் இருக்கக் கூடாது.

அதிகக் கவனம் கேட்பது மென்பொருள் சூழல். மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் பதிப்போ, கணினியோ, இயங்குதளப் பதிப்போ மாறினால், அதே படத்திலிருந்து வரும் மூளைப் புறணியின் (வெளி அடுக்கின்) தடிமன் அளவும் மாறுகிறது என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே தரவைப் பகுப்பாய்வுக்குத் தயார்செய்யும் எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் போன்றவற்றை டாக்கர் அல்லது ஆப்டெய்னர் கன்டெய்னரில் (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து அடைத்த பொதி) மட்டும் இயக்குங்கள். ‘லேட்டஸ்ட்’ என்ற குறியை நம்பாதீர்கள். இன்று அது சுட்டும் பதிப்பை அடுத்த ஆண்டு சுட்டாது. பதிப்பு எண்ணையும் கன்டெய்னரின் ஷா-256 எண்ணையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) குறித்து வையுங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) நீங்களே கொடுங்கள். படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கும் கட்டத்துக்கும் சீடை நிலைப்படுத்த எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப்பில் தனித் தேர்வு இருக்கிறது. இவற்றோடு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீட்டு இழை) எண்ணிக்கையையும் 1 என்று வைத்தால்தான் மறுமுறையும் அதே விடை வரும். வேகம் குறையும், சோதனைக்கு ஒருவருடைய தரவு போதும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையால் செய்யும் வேலையில் நான் மிகவும் கண்டிப்பு. எஸ்.பி.எம். என்ற பகுப்பாய்வு மென்பொருளின் சாளரத்தில் அழுத்திச் செய்ததை பேட்ச் நிரலாகச் சேமியுங்கள். கையால் திருத்திய மாஸ்க்கை (படத்தில் எந்தப் பகுதியைக் கணக்கில் எடுப்பது என்று காட்டும் கோப்பு), திருத்தியவர் யார், எதற்காக என்ற குறிப்போடு தரவாகவே வையுங்கள். தலை அசைவுக்காக ஒருவரை நீக்கினால், அந்த வரம்பு நிரலில் ஒரு வரியாக இருக்கட்டும். எக்செல் தாளில் சிவப்பு நிறம் பூசுவது பதிவு ஆகாது.

மாற்றங்களைப் பதிப்பு வாரியாகப் பதிந்துவைக்க, நிரலுக்கு கிட், தரவுக்கு டேட்டாலேட். ‘டேட்டாலேட் ரன்’ வழியாக இயக்கினால் கட்டளை, உள்ளீடு, வெளியீடு மூன்றும் சேர்ந்து பதிவாகும். ‘ரீரன்’ அதைத் திரும்ப இயக்கும்.

பிறகு, இந்த ஆய்வில் பங்கில்லாத ஒருவரிடம் ரீட்மீ (எப்படி இயக்குவது என்ற விளக்கக் குறிப்பு) கோப்பை மட்டும் கொடுத்து, அவருடைய கணினியில் இயக்கச் சொல்லுங்கள். அருகில் உட்கார்ந்து உதவாதீர்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீயில் விடுபட்ட ஒரு வரி. உங்களுக்கு வந்த புள்ளியியல் வரைபடத்திலிருந்து அவருக்கு வந்ததைக் கழித்து, மிகப் பெரிய வோக்சல் (முப்பரிமாணப் படத்தின் ஒரு சிறு கட்டம்) வேறுபாட்டைப் பாருங்கள். தசம இலக்கங்களின் கடைசியில் சிறு வேறுபாடு இருந்தால் பொறுக்கலாம், ஆனால் எவ்வளவு வரை என்பதை ஒப்பிடும் முன்பே எழுதிவையுங்கள். அதற்கு மேல் போனால் அசைவு அளவுகள், மாஸ்க், டிசைன் மேட்ரிக்ஸ் (புள்ளியியல் மாதிரியில் சேர்த்த காரணிகளின் அட்டவணை) என்று வரிசையாக ஒப்பிட்டு, முதலில் எங்கே பிரிகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.