பாட்டி குரலில் பேசும் படம்: ஐபேடில் செய்வது எப்படி?

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் கற்றுத்தர எத்தனையோ செயலிகள் உண்டு. பலவற்றில் வரும் குரல் செய்தி வாசிப்பது போல இருக்கும். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? காசு கொடுத்து வாங்குவதைவிட, சொந்த வீட்டுக் கரண்டியைப் படம் பிடித்து, பாட்டி குரலைப் பதிந்து, தொட்டால் பேசும் படமாகச் செய்துவிடலாம். ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி போதும். இலவசம். 5 முதல் 7 வயதுக்காக உருவாக்கியது. கட்டளைக் கட்டைகளில் (படத்தை இயக்க ஒன்றோடொன்று கோக்கும் துண்டுகள்) எழுத்து கிடையாது, படக்குறிகள்தான். அதனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் செய்யலாம்.

1. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்

செயலியைத் திறந்து, மைக், கேமரா இரண்டையும் ஒருமுறை நீங்களே இயக்கி அனுமதி கொடுத்துவிடுங்கள். பிள்ளை கையில் இருக்கும்போது அனுமதிக் கேள்வி வந்தால் கட்டாயம் 'வேண்டாம்' பொத்தானைத்தான் அழுத்தும்.

ஐபேடை மேசையில் வைத்து, பின்பக்க விளிம்புக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். கையில் பிடித்தால் கட்டைவிரல் திரை ஓரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். மற்ற கையால் தொடுவது பதியாது. பிள்ளைக்குத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

2. படம்

புதிய திட்டத்தில் ஒரு பூனை தயாராக நிற்கும். அழுத்திப் பிடித்தால் சிவப்புப் பெருக்கல் குறி வரும், அதைத் தொட்டு நீக்குங்கள். (பிள்ளைகள் விரலை அழுத்தியே வைப்பார்கள். அதனால் கரண்டியும் இப்படிக் காணாமல் போகும். திரும்பக் கொண்டுவர வளைந்த அம்புக்குறி இருக்கிறது.)

கூட்டல் குறி, பிறகு தூரிகை. வட்டக் கருவியால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, கேமராக் குறியைத் தொட்டு, வட்டத்துக்குள் தொடுங்கள். வட்டத்துக்குள்ளேயே கேமரா திறக்கும். கையால் வரைவதானால் கோடு முழுதாக மூட வேண்டும், சிறு இடைவெளி இருந்தாலும் படம் நிரம்பாது. பக்கத்துக்கு நான்கு பொருள் போதும்: கரண்டி, சீப்பு, வாளி, செருப்பு. ஒரு திட்டத்தில் 4 பக்கம் வரை சேர்க்கலாம்.

3. குரல்: பலரும் தடுமாறும் இடம்

பதிவு செய்த குரல் எந்த உருவத்தைத் தேர்ந்திருந்தீர்களோ அதற்கு மட்டுமே சொந்தம். கரண்டியைத் தேர்ந்த நிலையில் "சீப்பு" என்று பதிந்தால், சீப்பிடம் போய்த் தேடினாலும் அந்தக் குரல் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் இந்த வரிசை:

இடப்பக்கப் பட்டியலில் உருவத்தைத் தொடுங்கள். பச்சைக் கட்டைகளுக்குப் போய் மைக்கைத் தொடுங்கள். சிவப்பு வட்டத்தை அழுத்தி, ஒரு மூச்சு விட்டுப் பிறகு பேசுங்கள், உடனே பேசினால் முதல் எழுத்து விழுந்துவிடும். நிறுத்தி, கேட்டுப் பார்த்து, சரிக்குறி. இப்போது எண் போட்ட புதிய மைக் கட்டை ஒன்று வந்திருக்கும்.

வெறும் பெயரைப் பதிய வேண்டாம். "கரண்டி எடுத்துட்டு வாடா கண்ணு" என்று பாட்டி சொல்வதையே பதியுங்கள். பேச்சுத் தமிழ் அப்படித்தான் காதில் ஏறும்.

4. கோப்பது

மஞ்சளில் விரல் தொடும் படம் உள்ள கட்டை, அதன் பின்னால் மைக் கட்டை, வேண்டுமானால் ஊதாவில் பெரிதாக்கும் கட்டையும் பழைய அளவுக்குத் திருப்பும் கட்டையும். நான்கு வயதுப் பிள்ளை இழுக்கும்போது பாதியில் விரலைத் தூக்கிவிடும். கட்டை ஒட்டாமல் நிற்கும். அந்த வயதில் இழுப்பது உங்கள் வேலை, பேசுவதும் தொடுவதும் பிள்ளையின் வேலை. சத்தமே வரவில்லையா? ஐபேட் சைலன்ட்டில் இருக்கிறதா பாருங்கள்.

5. பூட்டி விளையாடுவது

முழுத்திரைக்குப் போங்கள். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் கைடட் ஆக்செஸ் (ஐபேடை ஒரே செயலியில் பூட்டிவைக்கும் வசதி). கடவு எண் வைத்துவிட்டு, செயலிக்குத் திரும்பி, மேல் பொத்தானை அல்லது ஹோம் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். முழுத்திரையை விட்டு வெளியேறும் குறி இருக்கும் மூலையை விரலால் சுற்றி வட்டமிட்டால் அந்த இடம் செயல்படாது. நேர வரம்பை 15 நிமிடமாக வையுங்கள். நேரம் முடிந்ததும் திரை திடீரென உறையும், அழுகை தொடங்கும். அதே செட்டிங்ஸில் முன்னெச்சரிக்கை ஒலியைத் தேர்ந்துவைத்தால் தப்பலாம். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு 1 மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்கிறது. சாப்பாட்டு நேரத்தில் திரையே வேண்டாம்.

"சீப்பு எங்க?" என்று கேளுங்கள். தொட்டதும் உண்மையான சீப்பை அறையிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள். அடுத்த நாள் பிள்ளையே தன் குரலில் பதியட்டும், வேண்டுமென்றே தப்பாகவும். வாளியைத் தொட்டால் "செருப்பு!" என்று கத்தும் விளையாட்டுக்குத்தான் மவுசு அதிகம். தப்பைக் கண்டுபிடிக்கச் சரியான சொல் தெரிந்திருக்க வேண்டுமே.

பின்சேர்க்கை: ஆண்ட்ராய்டு வைத்திருப்போருக்கு

பாதுகாப்பு அமைப்புகளில் செயலியைத் திரையில் பின் செய்யும் வசதி இருக்கும். தயாரிப்பைப் பொறுத்துப் பெயர் மாறும். வெளியேற கடவு எண் கேட்கும் தேர்வையும் மறக்காமல் போடுங்கள். மூலையை முடக்கவோ நேரம் வைக்கவோ அதில் வழியில்லை, அதனால் சமையலறை டைமரைப் பக்கத்தில் வைத்து, அதைத் திருகும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.